ஆதாரம் டீச்சரும் திறக்காத தளமும்

புவியியல் டீச்சருக்குப் பள்ளியில் வைத்திருந்த பெயர் 'ஆதாரம் டீச்சர்'. வைத்தது யார் என்பதற்கு மட்டும் ஆதாரம் கிடையாது. மழை வரும்போலிருக்கிறது என்று யாராவது பேச்சுக்குச் சொன்னால்கூட, யார் சொன்னது, எங்கே படித்தாய், எப்போது எழுதியது என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டுத்தான் குடையைக் கையில் எடுப்பார். தன் முதுகுக்குப் பின்னால் இந்தப் பெயர் புழங்குவது அவருக்குத் தெரியும். தெரிந்து, உள்ளூர ஒரு கர்வமும் இருந்தது. மற்ற டீச்சர்களுக்குக் கிடைத்த பட்டப்பெயர்களைக் கேட்டால் அந்தக் கர்வத்தைத் தப்பு சொல்ல முடியாது.

கர்வப்படக் காரணமும் இருந்தது. ஆய்வுக் கட்டுரை என்றால் பிள்ளைகள் தேடியதும் முதலில் வந்து விழுவதை அப்படியே அள்ளிக்கொண்டு வந்து கொட்டுவார்கள். முடி எண்ணெய் விற்கிற ஒரு பக்கத்திலிருந்து எரிமலைக்கு விளக்கம் எடுத்து வந்தவர்கள் உண்டு. காசு கட்டிப் படிக்கிற தளங்கள் பள்ளியின் கைக்கு எட்டாதவை. அதனால் டீச்சர் ஒரு முழு விடுமுறையைத் தியாகம் செய்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றைச் சலித்தார். எழுதியவர் யார், அவருக்கு இதில் என்ன தேர்ச்சி, கடைசியாக எப்போது திருத்தினார், வேறு எங்காவது இதே தகவல் ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றையும் புரட்டி எடுத்தார். கடைசியில் நான்கு தேறின. வானிலைப் பதிவுகள் ஒன்று, பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்விதழ்கள் ஒன்று, பழைய வரைபடங்களின் தொகுப்பு ஒன்று, ஆறுகளுக்கென்றே ஒரு கலைக்களஞ்சியம்.

அந்த நான்காவதுதான் அவருடைய செல்லம். ஓய்வு பெற்ற ஒரு பேராசிரியர் தனியாளாக நடத்தியது. அதில் ஒரு பிழையைக் கண்டுபிடித்து டீச்சர் எழுதிப் போட, பேராசிரியர் மறுநாளே திருத்திவிட்டு நன்றி சொல்லிப் பதில் போட்டார். அன்றைக்கு டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. நல்ல பக்கங்களையெல்லாம் அச்செடுத்துக் கோப்பில் வைத்துக்கொண்டார். அதன்பின் பாடம் நடத்த அந்தக் கோப்பே போதுமாக இருந்தது.

நான்கு தளங்களின் பெயரும் வகுப்புச் சுவரில் பெரிய எழுத்தில் ஏறின. நான்கையும் பார்த்து, பார்த்த தேதியோடு கட்டுரையின் கடைசியில் குறிப்பிட வேண்டும். ஒன்று குறைந்தாலும் கட்டுரை திரும்பி வரும். "இலவசம்னா இளப்பமா? தேடித் தேர்ந்தெடுத்தா காசு கொடுத்து வாங்கினதை விட நல்லதாவே கிடைக்கும்" என்று பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கே அவர் வகுப்பெடுத்திருக்கிறார்.

அந்த ஆண்டு பள்ளிகளுக்கிடையே ஓர் ஆய்வுக் கட்டுரைப் போட்டி வந்தது. வகுப்புக்கு ஒரு கட்டுரைதான் அனுப்பலாம். தேர்வாகிறவர்கள் விடுமுறையில் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தங்கிப் படிக்கலாம். வகுப்பில் ஒரு பெண் அதற்கு உயிரை விட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் மழைக்காலம் முழுக்கக் குச்சியை நட்டு நட்டு நீர் ஏறுவதைக் குறித்து வந்தவள். சேற்றுக் காலோடு பள்ளிக்கு வந்ததால் பிள்ளைகள் அவளுக்கு 'வாய்க்கால்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவள் எழுதியதைப் படிக்கத் தொடங்கிய டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். வகுப்பிலேயே அதுதான் உருப்படியானது என்பதில் சந்தேகமே இல்லை. கடைசிப் பக்கம் வரைக்கும்.

கடைசிப் பக்கத்தில் மூன்று தளங்கள்தான் இருந்தன. அவற்றுக்குக் கீழே ஒரு வரி: 'நான்காவது தளம் திறக்கவில்லை. அதனால் அதைப் பயன்படுத்தவில்லை.'

டீச்சர் அந்த வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் 'சாக்கு' என்று எழுதினார். எழுதியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வகுப்பில் அவளை எழுப்பி நிறுத்தினார்.

"நாலாவது எங்கேம்மா?"

"அது தெறக்கல டீச்சர்." அவள் குரல் நடுங்கியது. "ரொம்ப தடவை பாத்தேன். லைப்ரரியிலயும் பாத்தேன்."

"இந்த வகுப்புல எல்லாருக்கும் தெறந்திருக்கு. உன்னைப் பாத்தா மட்டும் அது கதவைச் சாத்திக்குதா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சருக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அது கொடுத்த தெம்பில் இன்னும் ஒருபடி மேலே போனார்.

"சோம்பலா இருந்துச்சுன்னா சோம்பல்னு சொல்லு. தளத்து மேல பழியைப் போடாதே. ஆய்வு பண்றவளுக்கு முதல்ல நேர்மை வேணும். உன் கட்டுரை போட்டிக்குப் போகாது, உக்காரு."

டீச்சர் நீட்டிய கட்டுரையை வாங்கிக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். குனிந்த தலை மணியடிக்கும் வரை நிமிரவில்லை.

மாலையில் டீச்சர் நூலகத்துக்குப் போனார். போனது நல்லெண்ணத்தில் இல்லை. அந்தத் தளத்தின் முகப்பை அச்செடுத்து, அவளிடம் நீட்ட வேண்டும், 'இதோ திறக்கிறதே' என்று முகத்துக்கு நேராகக் காட்ட வேண்டும் என்ற வேகம். கணினியில் முகவரியைத் தட்டினார்.

வெள்ளைத் திரையில் ஒரே ஒரு வரி வந்தது. 'இந்த இணைய முகவரி விற்பனைக்கு உள்ளது.'

தட்டியதில்தான் பிழை என்று மறுபடி தட்டினார். எழுத்தெழுத்தாகத் தட்டினார். அடுத்த கணினிக்குப் போய் அங்கேயும் தட்டினார். புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்த நூலகர் அக்கா எட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், இதையா தேடறீங்க? இது போய்ச் சேந்து ரெண்டு வருஷம் இருக்குமே. அந்தப் பேராசிரியர் தவறிட்டாராம். பணம் கட்ட ஆளில்லாம முகவரி போயிடுச்சு."

"ரெண்டு வருஷமா?" டீச்சர் அக்காவின் பக்கம் திரும்பினார். "ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"உங்களுக்குத் தெரியாதா?" அக்கா கையிலிருந்த புத்தகத்தை அப்படியே வைத்துவிட்டார். "பிள்ளைங்க என்கிட்ட வந்து கேட்டாங்க. டீச்சர் தளத்தோட பேரை மட்டும்தான் பாப்பாங்க, போன வருஷத்து அக்காங்க ஒரு வரி குடுத்திருக்காங்க, அதையே போடறோம்னாங்க. நான் என்ன நெனச்சேன்னா, யார் பொய் எழுதறாங்கன்னு பிடிக்கறதுக்கு நீங்க வேணும்னே அதை விட்டு வெச்சிருக்கீங்கன்னு. நீங்க ஆதாரம் டீச்சராச்சே!"

அந்த ஒரு வரி எது என்று டீச்சருக்கு உடனே தெரிந்தது. 'ஆறு வழியைத் தேர்ந்தெடுப்பதில்லை, சரிவுதான் அதற்கு வழியைத் தேர்ந்தெடுக்கிறது.' கட்டுரைக்குக் கட்டுரை அந்த வரி வந்தது. பிள்ளைகளுக்கு நல்ல ரசனை என்று பூரித்துப்போய் ஒவ்வொன்றிலும் பக்கத்தில் ஒரு சரி போட்டிருந்தார். பார்த்த தேதி வேறு, ஞாயிறு, செவ்வாய் என்று விதவிதமாக. அத்தனையும் கட்டுக்கதை. இல்லாத வீட்டுக்குப் போய் விருந்து சாப்பிட்டு வந்ததாக ஒரு வகுப்பே எழுதிக் கொடுக்க, அவர் சமையல் நன்றாக இருந்ததா என்று விசாரித்திருக்கிறார்.

பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் காலையில் கேட்ட சிரிப்பு காதில் மறுபடி விழுந்தது. அந்தப் பிள்ளைகள் வாய்க்காலைப் பார்த்துச் சிரிக்கவில்லை. டீச்சருக்கு உடம்பு முழுக்கக் கூசியது. பக்கத்து இருக்கையில் இருந்தவர் தன்னைத்தான் பார்க்கிறாரோ என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நேர்மை வேணும் என்று அவளைப் பார்த்துச் சொன்ன வாயை என்ன செய்வது? மொத்த வகுப்பிலும் நேர்மையாக இருந்தது அவள் ஒருத்திதான். அவளைத்தான் நிற்கவைத்து மானத்தை வாங்கியாயிற்று.

ஆனால் மனித மனம் இருக்கிறதே, அது எந்தப் பள்ளத்தில் விழுந்தாலும் ஏறிவரப் படி தேடும். இறங்கும் நிறுத்தம் வருவதற்குள் டீச்சருக்குப் படி கிடைத்துவிட்டது. நூலகர் அக்காவே எடுத்துக் கொடுத்த படி. வீட்டுக்குப் போனதும் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தார்.

"அந்தத் தளம் இல்லைன்னு எனக்கு எப்பவோ தெரியும். உங்கள்ல யார் பொய் எழுதறீங்கன்னு பாக்கத்தான் விட்டு வெச்சேன். ஒருத்திதான் தேறினா."

நன்றாகவே வந்தது. அவளைத் திட்டினது? அதுவும் சோதனைதான், உறுதியாக நிற்கிறாளா என்று பார்த்தேன். அவள் கட்டுரை போட்டிக்குப் போய்விடும், அவளுக்கும் பெருமை. யாருக்கு நஷ்டம்? பொய் எழுதினவர்கள் கொஞ்சம் வெட்கப்படட்டுமே. இப்படிப் பூசி மெழுகியதில் டீச்சருக்குச் சோறு இறங்கியது. அதை நினைத்து அவர் பிறகு பட்ட கூச்சம் தனி.

மறுநாள் காலை வகுப்புக்குள் நுழையும்போது முகத்தில் ஒரு புன்சிரிப்பைக்கூட ஏற்பாடு செய்துகொண்டுதான் நுழைந்தார். வருகைப் பதிவை மூடிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "நேத்து நடந்ததைப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தார்.

அதற்குள் வாய்க்கால் எழுந்து வந்துவிட்டாள். கையில் புதிதாக அச்செடுத்த கட்டுரை. தைத்து, அட்டை போட்டிருந்தாள்.

"டீச்சர், நாலாவதையும் சேத்துட்டேன்."

டீச்சர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். நான்கு தளங்கள் வரிசையாக இருந்தன. நான்காவதற்கு நேராக அந்த ஆறும் சரிவும் வரி. பார்த்த தேதி, நேற்று. 'திறக்கவில்லை' என்று எழுதியிருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

"தெறந்துச்சா?"

"தெறந்துச்சு டீச்சர்."

உண்மையைச் சொன்னபோது நடுங்கிய குரல் இப்போது நடுங்கவில்லை. கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னாள். ஒரே நாளில் கற்றுக்கொண்டுவிட்டாள். கற்றுக் கொடுத்தது வேறு யாருமில்லை என்று டீச்சருக்கு நெற்றிப்பொட்டில் அடித்த மாதிரி உறைத்தது.

கண்ணாடி முன்னால் தயார் செய்த பேச்சு வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. இப்போது அதைச் சொன்னால் முதலில் மாட்டுபவள் இவள்தான். 'தளம் இல்லைன்னு எனக்குத் தெரியும்' என்ற அடுத்த நொடி, பொய் எழுதியவள் என்று மொத்த வகுப்பும் இவளைத்தான் திரும்பிப் பார்க்கும். தப்பிக்கக் கிடைத்த படியில் இவள் கழுத்தின் மேல் காலை வைத்துத்தான் ஏறவேண்டும். டீச்சர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"அது தெறக்காது" என்றார். "அந்தத் தளம் இல்லாமப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. எனக்குத் தெரியாது. ஏன் தெரியாதுன்னா, இந்த ரெண்டு வருஷத்துல நான் ஒரு தடவைகூட அதைத் தெறந்து பாக்கல. உங்களையெல்லாம் பாக்கச் சொல்லிட்டு நான் பாக்கல. நேத்து சாயங்காலம்தான் பாத்தேன், அதுவும் இவ பொய் சொல்றான்னு நிரூபிக்கறதுக்காக."

சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஓரக்கண்ணால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதில் என்ன வலை இருக்கிறது, யார் முதலில் மாட்டப்போகிறார்கள் என்று தேடுகிற பார்வை. முதல் பெஞ்சில் இருந்தவன்தான் கடைசியில் எழுந்தான். போட்டிக்குப் போவதாக இருந்தது அவன் கட்டுரை.

"டீச்சர், அப்ப நாங்க பொய்யா எழுதினதுக்கு மார்க் கொறைப்பீங்களா?"

"பொய் எழுதாதவளுக்குத்தானேப்பா நான் கொறைச்சேன்" என்றார் டீச்சர். பிறகு வாய்க்காலின் பக்கம் திரும்பினார். "என்னை மன்னிச்சிடும்மா. உன் கட்டுரைதான் போட்டிக்குப் போகுது. நேத்து குடுத்தியே, அது. அதைக் குடு."

"அதைக் கிழிச்சுப் போட்டுட்டேன் டீச்சர். கம்ப்யூட்டர்லயும் அதுக்கு மேலயே மாத்திட்டேன்."

"சரி, பரவாயில்ல. இதுலயே அந்த நாலாவதை அடிச்சிடு. தெறக்கலன்னு நீ எழுதியிருந்தே பாரு, அதையே மறுபடியும் எழுது."

டீச்சர் தன் பேனாவைக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு மேசையின் மேல் குனிந்தாள். பேனா அந்த வரியின் மேல் போய் நின்றது. அடிக்கவில்லை.

"நிஜமாவே அப்படி எழுதலாமா டீச்சர்?"

"எழுதும்மா. அதானே உண்மை."

"சரி டீச்சர்" என்றாள். சொன்னாளே தவிர கை அசையவில்லை. குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். தாளில் இருந்ததை அவள் பார்க்கவே இல்லை. எதை எழுதினால் இவருக்குப் பிடிக்கும் என்று டீச்சரின் முகத்தில் தேடிக்கொண்டிருந்தாள்.