நிழல் வரிசை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு தப்பான வாக்கியத்திலிருந்து பிறந்தது. ஒரு பத்திரிகை கதை கேட்டிருந்தது. தபால் கொடுக்கும் பெண் ஒருத்தியைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். முதல் வரி இது:

"உச்சி வெயிலை உடம்பெல்லாம் பூசிக்கொண்டு அவள் தெருவின் நடுவில் நடந்து வந்தாள்."

எனக்கு வெயிலை எழுத வரும். இருபது வருடமாக எழுதுகிறேன். வாசகர் கடிதங்களில் பாதி அதைத்தான் பாராட்டும். அந்தத் திமிரில் பக்கத்தை என் நாத்தனாரிடம் நீட்டினேன். கதையில் வரும் பெண் அவள்தான். நாற்பத்தொரு வயது. எங்கள் பகுதிக்குத் தபால் கொடுப்பவள், எங்கள் வீட்டு மாடியறையிலேயே இருப்பவள். படித்துவிட்டு ஓரத்தில் பென்சிலால் எழுதித் திருப்பித் தந்தாள்: "இந்த நேரத்துக்கு நான் இந்தத் தெருவில் இருக்க மாட்டேன். நடுவில் எந்த நேரத்துக்கும் இருக்க மாட்டேன்."

இருபது வருடத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சரியான விமர்சனம் அது.

(நாத்தனாரைப் புகழ்ந்து ஒரு அண்ணி கதை எழுதுவதா என்று சிலர் மூக்கில் விரல் வைக்கலாம். வையுங்கள்.)

2

இரண்டாவது தொடக்கம்:

"அவளுக்கு வெயில் என்றால் பயம். சின்ன வயதிலிருந்தே —"

இதையும் விட்டுவிட்டேன். பயம் இல்லையாம். பயம் என்றால் ஒன்று வருவதற்கு முன்னால் இருக்கும், இது வந்தபிறகுதான் இருக்கிறது என்று விளக்கினாள்.

வெயில் முகத்தில் அடித்தால் அவளுக்கு முதலில் பல் கூசும். அப்புறம் எதிரே பேசுகிறவரின் வார்த்தைகள் உதிர்ந்துபோகும். வாய் அசைவது தெரியும், சேதி வந்து சேராது. வெள்ளைச் சுவர், கார்க் கண்ணாடி, எவர்சில்வர் கேட் மூன்றும் ஒரே தெருவில் அமைந்துவிட்டால், கையில் இருக்கும் கடிதத்தின் முகவரியைக்கூட வாசிக்க முடியாது. வீட்டுக்கு வந்து இருட்டறையில் கண்மேல் ஈரத்துணி போட்டு ஒன்றரை மணி நேரம் படுக்க வேண்டும். கறுப்புக் கண்ணாடி போட்டால் சரியாகிவிடாதா என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்டாயிற்று. போடுகிறாள். தொப்பி உண்டு, குடையும்* உண்டு. பாதி குறையும்.

முப்பத்தெட்டாம் வயதில் ஒரு மருத்துவர், அவளுக்கு ஆட்டிசம் என்றும், இந்தக் கூச்சம் அதில் ஒரு பகுதி என்றும் சொன்னார். அதுவரை வீட்டில் நாங்கள் இதற்கு வைத்திருந்த பெயர்கள்: ஒற்றைத் தலைவலி, வீம்பு, கறுத்துவிடுவோமோ என்ற கவலை. என் கல்யாணப் படங்கள் திறந்த வெளியில் எடுத்தவை. ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் அவள் கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாள். அண்ணனுக்கு நான் வாய்த்தது இவளுக்குப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு, பத்து வருடம் உர்ரென்று இருந்தேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

* குடையின் உள்பக்கம் பச்சைத் துணி வைத்துத் தைத்தது. தைத்தவர் என் கணவர், அதாவது அவள் அண்ணன். கோணல்மாணலான தையல். மன்னிப்புக் கேட்க வாய் வராதவர்கள் இப்படி ஏதாவது செய்வார்கள்.

3

அப்படியானால் தபால் வேலை எதற்கு? எழுதுகிறவளுக்கு இந்த இடத்தில் ஒரு பெரிய காரணம் தேவைப்படுகிறது. அப்பாவின் கடைசி ஆசை [வேண்டாம்]. என்றோ தொலைந்துபோன ஒரு கடிதம் [ஐயோ, வேண்டவே வேண்டாம்]. நேரே அவளையே கேட்டேன்.

"எனக்கு நடக்கப் பிடிக்கும் அண்ணி. கதவு நம்பரும் பிடிக்கும். தெருவுல பாதி எப்பவும் நிழல்தானே."

அந்தப் பாதியைத்தான் மூன்று வருடமாக நோட்டில் எழுதியிருக்கிறாள். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு வீடு. எந்தச் சுவரின் நிழல் எத்தனை மணிக்கு எந்த வாசலில் விழும், எந்த மாதத்தில் எவ்வளவு நகரும், எல்லாம் இருக்கிறது. காலையில் தபால் நிலையத்தில் எல்லோரும் கதவு எண் வரிசையில் கடிதங்களை அடுக்கும்போது, இவள் மட்டும் நிழல் வரிசையில் அடுக்குவாள். உச்சிப்பொழுதில் நிழல் சுருங்கிவிடும். அந்த ஒரு மணி நேரத்துக்கென்று அடுக்குமாடி வீடுகளை ஒதுக்கி வைத்திருக்கிறாள், படிக்கட்டுக்குள்ளேயே வேலை. தெருமுனையில் ஒருவர் நான்கு மாடி கட்டியபோது, காற்றை மறைக்கிறார் என்று தெருவே அவரைத் திட்டித் தீர்த்தது. என் நாத்தனார் நன்றி சொல்லப் போனாள். குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்து அந்த மனிதர் கதவைச் சாத்திவிட்டார்.

இதையெல்லாம் பிறவி மேதைமை என்று எழுதியிருந்தேன். "மேதை இல்லை, நோட்டு" என்று பென்சில் அடித்திருக்கிறது. முதல் வருடம் எண்பது பக்கம் தப்பாம். மரங்களின் நிழலை நம்பி, இலை உதிர்ந்த மாதத்தில் வசமாக மாட்டிக்கொண்டாளாம்.

கூட வேலை செய்கிறவர்கள் அவளை 'மேகம்' என்று கூப்பிடுகிறார்கள். கேலிதானே, கோபம் வராதா என்றேன். மேகம் நல்லதுதானே என்றாள்.

4

ஒருநாள் நானும் கூடப் போனேன். கதைக்குத் தகவல் சேர்க்க என்று சொல்லிக்கொண்டேன். [அந்தப் பத்து வருடத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும்போல இருந்தது.]

அவள் வழியில் நிழலே இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான்: நான்கு சாலைகள் கூடும் சிமெண்ட் சந்திப்பு. சுற்றிப் போக வழி கிடையாது. ஓரத்தில் நின்றாள். தொப்பியை இறக்கினாள், குடையைச் சாய்த்தாள், பையின் வாரை இறுக்கினாள். நாற்பத்திரண்டு காலடி. எண்ணிக்கொண்டே கடந்தாள். எதிர்ச் சுவரின் நிழலுக்குள் வந்ததும், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத நான், தினமும் எத்தனை தடவை இதைக் கடக்கிறாய் என்று கேட்டேன். கையை உயர்த்தி நிறுத்தினாள். சுவரில் நெற்றியை வைத்து நின்றாள். உதடு வெளுத்திருந்தது. மூன்று நிமிடம் கழித்து, கேட்டதை நானே மறந்தபிறகு, "ரெண்டு. போக ஒண்ணு, வர ஒண்ணு" என்றாள். பிறகு பையிலிருந்து அடுத்த கடிதத்தை எடுத்தாள்.

இங்கே ஒரு உவமை எழுதி வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். நான் பார்த்தவர்களிலேயே இவள்தான் தைரியசாலி. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

5

இனி வில்லன் வர வேண்டும். புதிதாக வந்த போஸ்ட்மாஸ்டரை அந்த வேலைக்கு வைத்தேன். முறுக்கு மீசையெல்லாம் கொடுத்தேன். அவருக்கு மீசையே கிடையாது என்றது பென்சில், கெட்டவரும் இல்லையாம்.

நடந்தது இவ்வளவுதான். ஆறாம் எண் வீட்டுக்காரர், காலை பத்தரைக்கு வர வேண்டிய தபால் மதியம் இரண்டரைக்கு வருகிறது என்று புகார் கொடுத்தார். போஸ்ட்மாஸ்டர், அவள் கையிலிருக்கும் தபால் கருவி பதிந்து வைத்த வழியைத் திரையில் பார்த்தார். பூனை உருட்டிய நூல்கண்டு மாதிரி இருந்தது. கதவு எண் வரிசையில் போங்கள், முடியாதென்றால் கவுன்ட்டரில் உட்காருங்கள் என்றார். கவுன்ட்டர் என்பது மேற்கே பார்த்த முழுக் கண்ணாடி முகப்பு. மதியத்துக்கு மேல் அங்கே உட்கார்வதும், சந்திப்பின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்வதும் அவளுக்கு ஒன்றுதான். இரண்டும் முடியாதென்றால் வேலையை விட வேண்டும்.

மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றாள். பதில் வரும்வரை உங்கள் வழியிலேயே போங்கள் என்று அவரும் ஒத்துக்கொண்டார். மூன்று பக்கக் கடிதம், கூடவே நிழல் அட்டவணை. முதல் வரியிலேயே ஆட்டிசம் என்று எழுதியிருந்தாள். அலுவலகத்தில் அதுவரை யாருக்கும் தெரியாது. அந்த வார்த்தை வேண்டாம், கண் கோளாறு என்று போட்டுவிடு என்றார் அவள் அண்ணன். நானும் அதையேதான் சொன்னேன். [நான் அவள் பக்கம் நின்று வாதாடியதாக இங்கே ஒரு பத்தி இருந்தது. இதை அவள் அடிக்கவில்லை, நானே அடித்தேன்.]

"கண்ணு நல்லாத்தான் இருக்கு அண்ணி. பொய் எழுதினா, என்ன எழுதினோம்னு ஞாபகம் வச்சுக்கிட்டே நடக்கணும். எனக்கு நானூத்திப் பன்னெண்டு வீடே போதும்."

6

முடிவுகள்.

ஒன்று: அனுமதி கிடைக்கிறது. தெருக்காரர்கள் சந்திப்பில் வரிசையாகக் குடை பிடித்து நின்று அவளுக்கு நிழல் தருகிறார்கள். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. பென்சில்: "நாற்பது பேர் என்னையே பார்த்துக்கொண்டு நிற்பதற்கு வெயில் தேவலை."

இரண்டு: குடை, தொப்பி, கண்ணாடி எல்லாவற்றையும் வீசிவிட்டு, உச்சி வெயிலில் தலைநிமிர்ந்து நடக்கிறாள். வெயில் தோற்கிறது. பத்திரிகைக்கு இது ரொம்பப் பிடிக்கும். வாசித்துக் காட்டினேன்.

"அது ஜெயிக்கிறது இல்ல அண்ணி. ஒன்றரை மணி நேரம் படுக்கிறது."

மூன்று: மேலிடம் மறுத்துவிடுகிறது. அவள் கவுன்ட்டரில் அந்தக் கண்ணாடிக்கு —

இதை எழுதக் கை வரவில்லை.

7

இந்த இடம்வரை எழுதியபோது வாசல் மணி அடித்தது. மூன்று நாற்பது. நிழல் வரிசையில் எங்கள் வீடு முன்னூற்றுத் தொண்ணூறாவது. சாவி வைத்திருந்தாலும், சீருடையில் வந்தால் மணி அடித்துவிட்டுத்தான் நிற்பாள். கையில் ஒரு பதிவுத் தபால். மேலிடத்து முத்திரை. பெறுநர் இடத்தில் அவள் பெயர்.

காலை எட்டு மணிக்குக் கடிதங்களை அடுக்கும்போதே பார்த்திருக்கிறாள். வரிசையில் அதன் இடத்தில் வைத்திருக்கிறாள். ஏழரை மணி நேரம் தோளில் சுமந்துகொண்டு, ஊரார் தபாலையெல்லாம் கொடுத்து, சந்திப்பையும் கடந்து, எங்கள் வாசலில் நிழல் விழுந்தபிறகு வந்திருக்கிறாள். அப்போதே பிரித்திருக்கலாமே என்றேன்.

"நம்ம வீட்டு முறை இப்பதானே வருது. நீங்க கையெழுத்து போடுங்க அண்ணி. எனக்கு நானே பட்டுவாடா பண்ணிக்கக் கூடாது."

போட்டேன். இப்போதாவது பிரி என்றேன். இன்னும் இருபத்திரண்டு வீடு இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்று குடையை விரித்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

உறை என் மடியில் இருக்கிறது. மெல்லிய தாள். நான் உட்கார்ந்திருக்கும் வாசற்படி நிழலில் இருக்கிறது. இரண்டடி தள்ளி நடைபாதையில் வெயில் கொட்டுகிறது. அங்கே போய்த் தூக்கிப் பிடித்தால் உள்ளே இருக்கும் எழுத்து அப்படியே தெரியும். தெரிந்துவிட்டால் கதையை முடித்து அனுப்பிவிடலாம். பத்திரிகை நேற்றே கேட்டுவிட்டது.

வேண்டுமானால் உறையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். வெயில் உங்களை ஒன்றும் செய்யாது என்றால், இரண்டடிதான். நான் அவள் வரும்வரை இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.