அமைச்சர் குவான்சா வைத்த கையெழுத்து

1

இது பாலேந்திரனுக்குத் தானாகத் தோன்றிய கதை அல்ல. எஸி குவான்சா எழுதச் சொன்னது. சுவிஸின் பேர்ண் நகர மருத்துவமனை ஒன்றில் இருபது வருடம் இருவருக்கும் வேலை. தமிழில் கதை எழுதும் பாலேந்திரன் சமையலறையில், மேற்கு ஆபிரிக்காவிலிருந்து வந்த எஸி தாதியாக. இருவரும் ஓய்வு பெற்ற பிறகு, பேர்ணை அடுத்த ஓஸ்டர்முண்டிகனில் தன் வீட்டுக்கு அழைத்து எஸி சொன்னார்:

"உங்கட பாஷையில எண்டாலும் பரவாயில்லை. என்ர அப்பாவைப் பற்றி எழுதுங்கோ."

(எஸி பேசியது பேர்ண் ஜெர்மன். பாலேந்திரனுக்குக் கேட்டது யாழ்ப்பாணத் தமிழ். கேட்டபடியே எழுதிவிட்டார்.)

2

முதல் தொடக்கம்: 'மேற்கு ஆபிரிக்காவின் விடிவெள்ளி ஜோசப் குவான்சா...' வேண்டாம். மேடைகளில் எத்தனை விடிவெள்ளிகளைப் பார்த்தாயிற்று!

இரண்டாவது: 'பள்ளி ஆசிரியரான குவான்சா சைக்கிளில் ஊர் ஊராகப் போய் வாக்குக் கேட்டார். 1951இல், பிரித்தானியர் ஆட்சியிலேயே, சட்டசபைக்குள் நுழைந்தார். மூன்றே வருடத்தில் போக்குவரத்து அமைச்சர். சுதந்திரத்துக்குப் பிறகு தூதுவர்.'

இது நன்றாக வந்திருப்பதாகப் பாலேந்திரனுக்குப் பட்டது. ஜெர்மனில் சொல்லிக் காட்டினார்.

3

எஸி தேநீரைத் தள்ளி வைத்தார்.

"ஐம்பத்தாறாம் ஆண்டு ரயில் வேலைநிறுத்தம் எங்க? மூண்டு பேரைச் சுட்டவங்கள்."

"அது கவர்னரின்ர பொலிஸ்தானே?"

"பொலிஸை அனுப்பச் சொல்லிக் கையெழுத்து வைச்சது அப்பா. கடிதம் என்னட்ட இருக்கு."

4

முடிவு அ: அன்றே குவான்சா பதவி விலகுகிறார்.

"விலகேல்லை," என்றார் எஸி.

முடிவு ஆ: சாகும்வரை அதை நினைத்து அழுகிறார்.

"நான் பிறக்க முந்தி நடந்தது. அவர் அதைப் பற்றி ஒரு நாளும் கதைக்கேல்லை. நீங்கள் அழ வைக்க வேண்டாம்."

முடிவு இ: கையெழுத்திடும்போது அவருடைய விரல்கள்...

(இந்த வாக்கியத்தை முடிக்க வழியில்லை. தலைவர்களுக்கு மனச்சாட்சியும் செத்தவர்களுக்கு வெறும் எண்ணிக்கையும் கொடுத்தே எழுதிப் பழகிவிட்டார் பாலேந்திரன். அது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.)

5

மூன்று முடிவுகளையும் கோடு போட்டு அடித்தார்.

"செத்த ஆக்களின்ர பேர் என்ன?"

எஸி நிமிர்ந்து பார்த்தார். "ரெண்டு தெரியும். க்வேசி அடு. இப்ராகிம் மூசா. மற்றது அந்த நாள் பேப்பரில இல்லை."

"ஆரிட்டக் கேக்கலாம்?"

"அங்க ரயில் தொழிற்சங்கத்துக்கு நாலு தரம் போன் எடுத்தனான். அமைச்சரின்ர மகள் எண்டதும் வைச்சிடுவினம்."

"மகள் எண்டே திரும்பவும் சொல்லுங்கோ. ஏன் கேக்கிறீங்கள் எண்டும் சொல்லுங்கோ."

எஸி ஐந்தாவது தரம் எண்ணை அழுத்தினார். பாலேந்திரன் புதுத் தாளில் எழுதினார்:

க்வேசி அடு, இப்ராகிம் மூசா,

மறுமுனையில் யாரோ "ஹலோ" என்றார்கள். எஸி தன் முழுப் பெயரையும் சொன்னார்.