ஓலை வாசித்த மூன்று ஞாயிறுகள்

1

ஒரு பெண்ணின் நம்பிக்கைக்கு எங்கள் இங்கிலாந்து லிங்கன்ஷயர் பக்கத்தில் சந்தை விலை மூன்று ஞாயிற்றுக்கிழமை. பேரம் கிடையாது. இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் வாத்து விற்கிறவள். எடையில் கை வைப்பாள், கதையில் வைக்கமாட்டாள் என்று நம்பி வாங்கி வந்தேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பனி மூடிய வயல்களுக்கு அப்பால் டார்கஸின் இதயம்...' வேண்டாம். நடந்தது ஜூன் மாதம். பனிக்கு நான் எங்கே போக?

2

டார்கஸுக்கும் வண்டிக்காரன் ஜேபஸுக்கும் கல்யாணம் பேசி முடிந்திருந்தது. பாதிரியாரிடம் பெயர் கொடுத்தாயிற்று, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை உண்டா என்று மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார் என்றான் ஜேபஸ். தன் கல்யாண ஓலையைத் தன் காதாலேயே கேட்கிறவளுக்குப் பிள்ளை ஊமையாகப் பிறக்கும் என்பது ஊர் நம்பிக்கை. [படித்த வாசகர் சிரிக்கலாம். நாள் பார்க்காமல் கல்யாணம் செய்தவர் மட்டும் உரக்கச் சிரிக்கவும்.] ஆகவே டார்கஸ் வீட்டிலேயே இருந்தாள். அவளுடைய அப்பா கால் ஒடிந்து கட்டிலில். துணைக்குத் தோழி லெட்டிஸ் மூன்று ஞாயிறும் வந்து பட்டாணி உரித்தாள்.

3

இந்த லெட்டிஸை என்ன செய்வதென்று தெரியவில்லை. முதலில் அவளுக்குப் பூனைக்கண் வைத்தேன். அது மட்டமான சரக்கு, எடுத்துவிட்டேன். நல்ல பெண்தான். கிழவருக்குக் கஞ்சி ஊட்டினாள். டார்கஸின் கல்யாணத் தொப்பிக்கு நாடா தைத்தாள். தைத்து முடித்ததும் தன் தலையில் வைத்துப் பார்த்தாள், கொஞ்சம் அதிக நேரம்.

4

மூன்றாம் ஞாயிறு, மணி அடித்து ஓய்ந்தது. டார்கஸ் பேச்சுக்குத்தான் கேட்டாள்.

"எனக்காக மூணு வாரமா நீ கோயிலுக்குப் போகல. பாதிரியார் வையப் போறாருடி."

"வைய மாட்டாரு."

"ஏன், உன்னைத் தத்து எடுத்திருக்காரா?"

ஒரு பட்டாணி தரையில் உருண்டது. எடுக்கக் குனிந்த லெட்டிஸ் நிமிரவில்லை. ஒரு ஞாயிறுகூடத் தவறாதவள் மூன்று ஞாயிறு கோயிலுக்குப் போகாமலிருக்க என்ன காரணம் இருக்கும்? தான் எதற்காகக் கோயிலுக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறோமோ அதே காரணம்தான் இவளுக்கும் என்பது டார்கஸுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அங்க யார் ஓலைடி வாசிக்கிறாங்க?"

"ஜேபஸே உன்கிட்ட சொல்லிடறேன்னு..."

"அவன் சொல்லல. உனக்கும் வாய் இருக்கே. மூணு வாரமா என் வீட்டுப் பட்டாணிய மென்னுச்சே."

5

முடிவு ஒன்று: டார்கஸ் ஓடிப்போய்த் தடை சொல்கிறாள். பலிக்காது. ஏற்கெனவே கட்டிய மனைவி இருந்தால்தான் தடை. கொடுத்த வாக்கு அந்தக் கணக்கில் வராது.

முடிவு இரண்டு: ஜேபஸ் மனம் திருந்தி... எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

முடிவு மூன்று: டார்கஸ் லெட்டிஸின் கையைப் பிடித்துத் தேவாலயத்துக்குத் தரதரவென்று இழுத்துப் போகிறாள். அவள் ஓலையை அவளே கேட்கட்டும். உள்ளே பாட்டு முடிகிறது, பாதிரியார் தொண்டையைச் செருமுகிறார். "வேணாம் டார்கஸ், என் பிள்ளைடி," என்று லெட்டிஸ் காதைப் பொத்துகிறாள், ஒரு கையால்தான் முடிகிறது. டார்கஸின் விரல்கள் கதவின் மேல்...

தள்ளினாளா, கையை விட்டாளா என்று வாத்துக்காரியும் சொல்லவில்லை. கதவை உங்களிடம் விட்டுவிடுகிறேன்.

கணக்கை மட்டும் நான் முடித்துத் தருகிறேன். ஓலையைக் கேட்ட காது: ஊர் முழுக்க. வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று இருந்தவர்கள்: அதே ஊர் முழுக்க. டார்கஸிடம் சொன்ன வாய்: ஒன்றுகூட இல்லை. பாக்கி ஊர் பேரில் நிற்கிறது.