ஏழு இருபதுக்கு எரிந்த விளக்கு

பெரிய கட்டடத்தின் அடித்தளத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஜெனரேட்டர் ஓட்டுகிறவரை எல்லோரும் ஆபரேட்டர் என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. கீழே மூன்று எந்திரங்கள், ஒவ்வொன்றும் ஒரு அறை அகலம். காதில் மாட்டிக்கொள்ள நிர்வாகம் கொடுத்த கவசம் புது மெருகு குலையாமல் ஆணியில் தொங்கியது. "காதை மூடிக்கிட்டா இன்ஜின் என்ன சொல்லுதுன்னு எப்படித் தெரியும்?" என்பார். சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார் என்று அவருக்கு ஒரு பேர் இருந்தது. அந்தப் பேருக்காக மனுஷன் எதையும் கொடுப்பார். எதைக் கொடுத்தார் என்பதுதான் அவருக்குத் தெரியாமல் இருந்தது.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எந்தக் கோளாறு வந்தாலும் நோட்டில் எழுதிவிடுவார்: நேரம், கோளாறு, எடுத்த நடவடிக்கை, பலன். இருபத்திரண்டு வருஷம் இப்படி எழுதி எழுதி, வீட்டுக் குழாய் ஒழுகினால்கூட அதற்கு ஒரு வரி போடாமல் அவருக்குத் தூக்கம் வராது.

அந்த வாரம் வீட்டு அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு நீலப் பை வந்து உட்கார்ந்துகொண்டது. திங்கட்கிழமை தட்டையாக இருந்தது, செவ்வாய்க்கிழமை கொஞ்சம் உப்பியிருந்தது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே வெளியூரில் வேலை பார்க்கும் மகள் போனில் கூப்பிட்டிருந்தாள். ஸ்பீக்கரைப் போட்டு, சத்தத்தை முழுசாக ஏற்றி வைத்துத்தான் அவர் பேசுவார்.

"அப்பா, அம்மா வர்ற ஞாயித்துக்கிழமை பெரியம்மா வீட்டுக்குப் போறாங்களாம். எப்பம்மா திரும்புவீங்கன்னு கேட்டா, பார்க்கலாங்கறாங்க. உங்ககிட்ட சொன்னதுக்கு 'ம்'னு சொன்னீங்களாமே?"

சொன்னாரா? அவருக்கு ஞாபகமே இல்லை. இந்தக் கொஞ்ச வருஷமாக உலகத்தில் எல்லோரும் வாய்க்குள்ளேயே பேசப் பழகிவிட்டார்கள் என்பது அவருடைய எண்ணம். கடைக்காரர் முணுமுணுக்கிறார், சூப்பர்வைசர் முணுமுணுக்கிறார். ஒவ்வொருவரிடமும் "என்ன? என்ன?" என்று கேட்டுக்கொண்டிருக்க யாருக்குத் தெம்பு இருக்கிறது? 'ம்' என்று ஒன்று போட்டால் அவர்களும் திருப்தியாகப் போய்விடுகிறார்கள். வீட்டிலோ அந்த முணுமுணுப்புகூட நின்றுவிட்டது. மனைவி தன்னோடு பேசுவதையே விட்டுவிட்டாள் என்று அவர் நினைத்தார். மனசு வலித்தது, ஆனால் அதையும் கேட்கத் தெம்பில்லை.

அவளுக்கும் தெம்பில்லைதான். ஆஸ்பத்திரியின் மருந்து கவுன்டரில் வேலை. நாள் முழுக்க நின்றபடி டோக்கன் நம்பர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, சாயங்காலம் வீடு வந்து சேரும்போது அவள் குரல் நூலாக இளைத்திருக்கும். செருப்பைக் கழற்றி, முகம் கழுவி, நேராகச் சமையலறைக்குள் போய்விடுவாள்.

ஒரு காலத்தில் அந்தச் சமையலறையிலிருந்து பாட்டு வரும். புல்லாங்குழலில் தொடங்கும் ஒரு பழைய பாட்டு, அதைக் காய் நறுக்கும்போது முனகுவாள். அந்தப் பாட்டைத் திரும்ப அந்த வீட்டுக்குள் கொண்டுவந்தால் என்ன என்று ஆபரேட்டருக்குத் தோன்றியது. பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கம்பியைக் கையில் கொடுத்தால் எதையும் செய்வார். கட்டடத்தின் லிப்ட் மெக்கானிக், வாய் ஓயாததால் ரேடியோ என்று பேர் வாங்கியவன், பாட்டுக்கு ஏற்ப ஆடும் எல்இடி பலகை ஒன்றைப் போனில் காட்டியிருந்தான். உலகத்தில் இன்னும் தெளிவாகப் பேசுகிற ஒரே ஆள் ரேடியோதான் என்று ஆபரேட்டருக்கு அவன்மேல் தனிப் பிரியம். அவன் தெளிவாகப் பேசவில்லை, கத்துகிறான் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவள் பையைத் தூக்குவதற்கு முன்னால் அந்தப் பாட்டைப் போட்டு விளக்கை ஆடவிட வேண்டும். அதைப் பார்த்தால் அவளுக்குப் புரியும். என்ன புரியும் என்று அவர் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

வேலை முடிந்து வந்து, முன்னறை மேஜையில் சமையலறைக்கு முதுகைக் காட்டி உட்காருவார். ஒட்டுப்பலகையில் பதினாறு வரிசை எல்இடி பட்டைகளை வெட்டி ஒட்டினார். ஈயம் உருக்கி ஒவ்வொரு இணைப்பாகப் பற்றவைத்தார். எந்திர அறையில் பத்து மணி நேரம் நின்ற கண், பொட்டு ஈயத்தைப் பார்க்கும்போது நீர் கட்டிக்கொள்ளும். மேலே பட்டர் பேப்பர் ஒட்டினார். கடுகளவு மைக் ஒன்று. இடப்பக்க வரிசைகள் மேளம் போன்ற கனத்த சத்தத்துக்கு, வலப்பக்கம் போகப் போகக் கீச்சு சத்தத்துக்கு. ரேடியோ மதிய இடைவேளையிலேயே அதற்கான புரோகிராமை ஏற்றிக் கொடுத்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமையே பலகையில் விளக்கு எரிந்தது. கூடவே கோளாறும் வந்தது. பாட்டே போடாதபோது வலப்பக்க நாலு வரிசை தானாக எரிந்து அணைந்தது. உடனே நோட்டை எடுத்து எழுதினார். புதன்கிழமை இணைப்புகளை எல்லாம் பிரித்து மறுபடி பற்றவைத்தார். மறுபடி எரிந்தது. மைக் ஒயருக்கு உறை போட்டார். எரிந்தது.

"பேய் பிடிச்சிருக்கு!" என்று ரேடியோ எந்திரச் சத்தத்துக்கு மேல் கத்தினான். "இல்லைன்னா எர்த் சரியில்லை. எதுவானாலும் மைக் பக்கத்துல ஒரு சின்னத் திருகு இருக்கும் பாருங்கண்ணே, அதைக் குறைச்சு விடுங்க. தொல்லை விட்டுது!"

வியாழக்கிழமை விளக்கு நீளமாக எரிந்தது. நின்று, மறுபடி எரிந்தது. ஆபரேட்டருக்கு அலுத்துப்போய்விட்டது. ஸ்க்ரூடிரைவரை எடுத்து, அந்த நாலு வரிசையும் அடங்கும்வரை திருகைக் குறைத்தார். வெள்ளிக்கிழமை பலகை சமர்த்தாக இருந்தது. அலமாரிப் பக்கத்துப் பையும் ஜிப் போட்டு மூடப்பட்டிருந்தது.

சனிக்கிழமை அவள் வந்து முகம் கழுவியதும், சமையலறை வாசலில் போய் நின்று, "ஒரு நிமிஷம் வா" என்றார். அவள் துண்டோடு வந்து, மேஜை ஓரத்தில் நின்றாள். முகத்தில் கோபம்கூட இல்லை, வெறும் அசதிதான். அவர் போனில் பாட்டைப் போட்டார். வலப்பக்க வரிசைகள் மெல்ல எழுந்து ஆடின.

"இது ஒண்ணுதான் சரியாகல" என்றார் ஆபரேட்டர், குற்றம் செய்தவர் போல. "பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே விளக்கு ஆடுது. திருகைக் குறைச்சும் இது மட்டும் அடங்கல."

அவள் அவரை விநோதமாகப் பார்த்தாள்.

"பாட்டுதான் ஆரம்பிச்சாச்சே. புல்லாங்குழல் வாசிக்குதே."

"எங்க?"

"எங்கயா? இதோ."

அவர் போனைக் காதருகே கொண்டுபோனார். கொஞ்ச நேரத்தில் மேளம் சேர்ந்தபோதுதான் அவர் முகம் தெளிந்தது. "இப்பத்தான் ஆரம்பிக்குது" என்றார்.

அவள் பாட்டை நிறுத்தினாள். மேஜையில் திறந்து கிடந்த நோட்டு கண்ணில் பட்டது. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மருந்துச் சீட்டு படிப்பதைப் போல ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்தாள்.

"செவ்வாய், ஆறு நாப்பது. பாட்டு இல்லாமலே வலப்பக்க நாலு வரிசை ரெண்டு தடவை எரிந்தது." நிமிர்ந்தாள். "டீயா காப்பியான்னு கேட்டேன். ரெண்டு தடவை கேட்டேன்."

ஆபரேட்டர் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஆறு ஐம்பத்திரண்டு. ஒரே ஒரு மின்னல். அது கரண்டி விழுந்தது. புதன், ஆறு நாப்பத்தஞ்சு. மக லைன்ல இருக்கா, பேசறீங்களான்னு கூப்பிட்டேன். வியாழன், ஏழு இருபது. நீளமாக எரிந்தது. நின்று, மறுபடி..."

அவள் குரல் நின்றது. விரல் மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போனது. எடுத்த நடவடிக்கை: மைக் திருகைக் குறைத்தேன். பலன்: தொந்தரவு நின்றது.

"வியாழக்கிழமை என்ன சொன்ன?" என்று கேட்டார்.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "போக வேண்டாம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போகலன்னு சொன்னேன். அந்தக் கதவுல சாஞ்சுக்கிட்டு நின்னேன். திரும்பிப் பார்க்காம நீங்க ஸ்க்ரூடிரைவரை எடுத்தீங்க."

"வெள்ளிக்கிழமை எரியவே இல்லையே."

"வெள்ளிக்கிழமை நான் வாயே திறக்கல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாதியிலேயே அது அழுகையாகிவிட்டது. "எத்தனை வருஷம். நான் ஏதோ உங்களுக்கு வேண்டாதவளாப் போயிட்டேன்னு நெனச்சுக்கிட்டு... காது கேக்காத மனுஷன்கிட்டயா நான் இத்தனை நாள் கோவிச்சுக்கிட்டு இருந்தேன்?"

இன்ஜின் முணுமுணுத்தாலும் கேட்கும் என்று பேர் எடுத்த காது அது. அந்தப் பேர் போனதைப் பற்றி அவர் அந்த நிமிஷம் நினைக்கவே இல்லை. ஏழு இருபதைப் பற்றித்தான் நினைத்தார். ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். திருகை முழுசாக ஏற்றிவிட்டு, பலகையைப் பார்த்து உட்கார்ந்தார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போயிருந்தாள். கொஞ்ச நேரத்தில் வலப்பக்க நாலு வரிசையும் எரிந்தன. 'ம்' என்ற அந்தப் பழைய சத்தம் அவர் தொண்டைவரை வந்துவிட்டது. அதை விழுங்கினார். எழுந்து சமையலறைக்குப் போனார்.

"கேக்கல. என்ன சொன்ன?"

அவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "திங்கட்கிழமை எங்க ஆஸ்பத்திரிக்குக் காது டாக்டர் வர்றாரு. டோக்கன் போடட்டுமான்னு கேட்டேன்."

"திங்கட்கிழமை நீ உங்க அக்கா வீட்ல இல்ல இருப்ப?"

அவள் பாத்திரத்தை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள். வியாழக்கிழமை கேட்டதை இன்னொரு தடவை கேட்க அவளுக்குத் தெம்பில்லை என்பது அவருக்குக் காது இல்லாமலே புரிந்தது.

"போக வேண்டாம்" என்றார் ஆபரேட்டர்.

எந்திர அறையில் சொல்வது போலச் சொல்லிவிட்டார். முன்னறையில் பதினாறு வரிசையும் உச்சிவரை எரிந்தன. பக்கத்து வீட்டு ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"மெதுவா சொல்லுங்க" என்றாள் அவள், ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி. "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது."