பதினாறாவது ஆளின் சோறு

1944 அக்டோபர் இருபதாம் தேதி காலை, அமெரிக்கக் கப்பல்கள் எங்கள் லேய்ட்டே தீவின் கரையைச் சுட்டுக்கொண்டிருந்தபோது, குளோரியோசா லகாடோவின் தூண்களின் மேல் கட்டிய ஓலைவீடு, தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில், அந்தரத்தில் நின்றுவிட்டது. இன்றும் அங்கேயேதான் நிற்கிறது. அன்று எங்கள் பேட்டையில் நடந்தவற்றில் இது சின்ன விஷயம். வளைகுடாவில் நின்ற கப்பல்களை எண்ண ஆரம்பித்த பாதிரியார் முந்நூறோடு அலுத்துப்போய் விட்டுவிட்டார்.

முந்தின நாளே கொரில்லாப் போராளிகள் மலையிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள்: கரையில் ஒருவரும் இருக்கக் கூடாது, உள்ளே போய்விடுங்கள். எல்லோரும் பானையையும் பன்றியையும் கட்டினார்கள். குளோரியோசா மட்டும், "வீட்டை விட்டுட்டு நான் வரமாட்டேன். வேணும்னா வீட்டோட வரேன்," என்றாள். எங்களுக்கு இது புதிதல்ல. அடியில் மூங்கில்களைச் செருகிப் பதினாறு ஆண்கள் தோள் கொடுத்தால் எந்த வீடும் நடக்கும். தூக்கியவர்களுக்கு வீட்டுக்காரி சோறும் சிவப்புத் தென்னங்கள்ளும் தர வேண்டும், அவ்வளவுதான். அவசரம் என்பதால் குளோரியோசாவும் மகள் அப்பொலோனியாவும் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து, வீடு போகிற போக்கிலேயே சமைத்தார்கள். பதினாறாவது ஆள் கார்ப்போ. அப்பொலோனியாவைப் பெண் கேட்டு, எங்கள் வழக்கப்படி இரண்டு வருடமாக அந்த வீட்டுக்குத் தண்ணீர் சுமந்து விறகு பிளந்துகொண்டிருந்தவன். பெண்ணுக்குச் சம்மதம். தாய்தான் "பாக்கலாம், பாக்கலாம்" என்று இழுத்துக்கொண்டிருந்தாள். அவன் பிளக்கும் விறகு சீராக எரியும் என்பதால் அவளுக்கு அவசரமில்லை என்று சொல்வார்கள்.

சதுப்பைத் தாண்டியதும் குண்டுகள் தலைக்கு மேல் ஊளையிட ஆரம்பித்தன. முதலில் மூங்கிலை விட்டவன் கார்ப்போ. அவனைப் பார்த்து மற்ற பதினைந்து பேரும் விட்டுவிட்டு வாழைத்தோப்புக்குள் பாய்ந்தார்கள். ஒரு குண்டு வந்து வீட்டின் மூலைக்கு நேர் கீழே விழுந்து, ஓர் எருமை படுக்கிற அளவுக்குக் குழி தோண்டியது. வீடு விழவில்லை. உள்ளே அடுப்பில் இருந்த பானைகூடச் சாயவில்லை. அன்று மாலை அந்த வழியாக வந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஒருவன், அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்த தூணில் இரும்புத்தொப்பியை மோதிக்கொண்டான். அவன் தூணிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு நடந்தான். அவர்களுடைய அதிகாரி வரைபடத்தில் அந்த இடத்தைப் பாலம் என்று குறித்துக்கொண்டார். அவர்களுக்கு அன்று வேறு வேலை இருந்தது.

காரணம் எங்களுக்குத் தெரிந்ததுதான். வீடு தூக்கியவர்கள் பட்டினியாகப் போய்விட்டார்கள். மறுவாரமே குளோரியோசா பதினைந்து பேரைத் தேடிப் பிடித்து, ஏணியில் ஏற்றி, சோறு போட்டாள். வீடு அசையவில்லை. பாக்கி கார்ப்போ ஒருவன்தான். அவனோ அன்று மாலையே அமெரிக்கர்களுக்கு மலைப்பாதை காட்டப் போனவன், சண்டை முடிந்ததும் கப்பலேறி, குவாமில் கட்டட வேலைக்குப் போய்விட்டான். செத்துவிட்டானோ என்று ஒரு வருடம், அங்கே வேறு பெண் பார்த்துவிட்டானோ என்று இரண்டு வருடம் அப்பொலோனியா அழுதாள். அழுதாலும் தினமும் மதியம் அவன் பங்குச் சோற்றை எடுத்துவைத்தாள். அவளைக் கேட்டு வந்த இரண்டு பேரைத் தாயே திருப்பி அனுப்பினாள். நான்காம் வருடம் குவாமிலிருந்து திரும்பிய ஒருவன், கார்ப்போ உயிரோடுதான் இருக்கிறான், வெட்கப்பட்டுக்கொண்டு இருக்கிறான் என்று சொன்னான். அந்த ஆள் மறுபடி கப்பலேறியபோது அவனிடமே அவள் சேதி அனுப்பினாள்: "சோறு ஆறுது."

1948 ஜூன் மாதம் ஒரு மதியம் கார்ப்போ வந்தான். வீடு இறங்குவதைப் பார்க்கப் பேட்டையே கூடியது. பேட்டைத் தலைவர் சிக்ஸ்தோ கோழிகளையும் குழந்தைகளையும் அடியிலிருந்து விரட்டினார். கார்ப்போ ஏறி உட்கார்ந்து, கருவாட்டைத் தொட்டுக்கொண்டு கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டான். வீடு ஒரு விரலளவுகூட இறங்கவில்லை. "நல்லா மென்னு சாப்பிட்டியாடா?" என்று கீழேயிருந்து சிக்ஸ்தோ கத்தினார்.

கார்ப்போ தலை குனிந்துகொண்டான். "நான்தான் முதல்ல விட்டேன். உங்க ரெண்டு பேரையும் உள்ள வெச்சுக்கிட்டே விட்டேன். அதான் இறங்க மாட்டேங்குது."

"ஜன்னல்லேருந்து பாத்துட்டுத்தான் இருந்தேன்," என்றாள் அப்பொலோனியா. "நீ நின்ன இடத்துலதான் இப்ப அந்தக் குழி இருக்கு, கீழ எட்டிப் பாரு. நீ விட்டதுக்கு நான் தினம் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்துறேன். நீ என்னடான்னா வெக்கப்பட்டுட்டு நாலு வருஷம் ஓடிட்டே."

"வீடு இறங்கலையே..."

"இறங்காட்டி போகட்டும். எனக்கு ஏணி இருக்கு. நான் சோறு வெச்சது நீ ஏறி வரணும்னு."

கார்ப்போ அழுதான். கீழே நின்ற நாங்களும் கொஞ்சம் அழுதோம். குளோரியோசா அகப்பையை எடுத்து, "ரொம்ப இளைச்சுட்டான். இன்னொரு தட்டுச் சோறு போடு," என்று மகளிடம் சொன்னாள். பெண் கேட்டு வந்தவனுக்கு இரண்டாம் தடவை சோறு போட்டால் எங்கள் பக்கம் அதற்கு மேல் பேச்சில்லை. சிக்ஸ்தோ அங்கிருந்தே பாதிரியாரைக் கூப்பிட ஆள் அனுப்பினார்.

கல்யாணத்தன்று விடாமல் மழை. விருந்தாளிகள் வீட்டுக்கு அடியில் பாய் விரித்து, நனையாமல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.