அட்டைக்காரனுக்கு மட்டும் தெரிந்த வீடு

1996 செப்டம்பர் 9, திங்கட்கிழமை. நேற்று எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. எங்கள் வீடு சனிக்கிழமை காலையில் மறைந்தது என்று எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை மாலையே மறைந்துவிட்டதாம். நான் அந்நேரம் டைப்ரைட்டிங் வகுப்பில் இருந்தேன். திருத்திக்கொள்கிறேன்.

வரலட்சுமி இப்படி எழுதிவிட்டு, பழைய பக்கத்தில் இருந்த சனிக்கிழமையை ஸ்கேல் வைத்து அடித்தாள். பகலில் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ரப்பர் வாஷர்களுக்குப் பிசிறு வெட்டும் வேலை, மாலையில் டைப்பும் கணக்கும் என்று ஓடிக்கொண்டிருந்த அவள், எதையும் இரண்டு தரம் சரிபார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் தப்பாகத்தான் பார்த்தோமோ என்று குழம்புகிறவள். ஆனால் இந்த விஷயத்தில் குழப்பத்துக்கு இடமில்லை. திருமுல்லைவாயில் ஏரிக்கரைத் தெருவில், சின்னசாமியின் மாடி வீட்டை ஒட்டி நின்ற ஓட்டு வீடு, அதில் குடியிருந்த மூன்று பேரைத் தவிர யார் கண்ணுக்கும் தெரியவில்லை. மற்றவர்களுக்கு அங்கே எருக்கஞ்செடி மண்டிய காலி மனைதான் தெரிந்தது. சனிக்கிழமை விடிந்ததும் பால் கொண்டுவந்த நாகம்மா தெருவில் நின்று கத்தினாள்: “பொன்னிம்மா! இன்னாடி, ராவோட ராவா ஊட்ட பேத்துகினு பூட்டீங்களா?” வரலட்சுமியின் அம்மா பொன்னியம்மா சொம்போடு வாசலுக்கு வந்தாள். எருக்கஞ்செடிக்கு நடுவிலிருந்து ஒரு பொம்பளை முளைத்ததைக் கண்டு நாகம்மா இரண்டடி பின்வாங்கினாள். பிறகு, இன்று தண்ணீரே கலக்கவில்லை என்று வழக்கம்போல் சத்தியம் செய்து பாலை அளந்து ஊற்றினாள். அந்த வாரத்துக்குள் தெருவுக்குப் பழகிவிட்டது. தபால்காரர் இவர்கள் கடிதங்களை டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போனார். மீட்டர் பார்க்க வந்தவர் காலி மனையைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனார். “கரண்டு பில்லு வராதில்ல, வுடு” என்றான் வரலட்சுமியின் அண்ணன் மதுரைவீரன்.

வெள்ளிக்கிழமை பகலில் நடந்தது இதுதான். அந்தத் தெருவில் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால், சின்னசாமியின் மாடி வீட்டை ஒரு பகலுக்கு இரவல் வாங்கிக்கொள்வது வழக்கம். சோபா, சீலிங் ஃபேன், ஷோகேஸில் இருக்கும் பிளாஸ்டிக் மயில் எல்லாம் அதில் சேர்த்தி. சின்னசாமி குடும்பம் அதுவரை கொல்லைப்புறத்தில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கும். கூலி, ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு பொட்டலம் மிக்சரும். மாப்பிள்ளை வீட்டாருக்கும் இது தெரியாமல் இல்லை. அவர்களும் தங்கள் தெருவில் எதையாவது இரவல் வாங்கியவர்கள்தான். கடன் கொடுக்குமுன் வீட்டைப் பார்க்க வந்த வங்கி அதிகாரியையும் மாப்பிள்ளை வீட்டார் போலவே நினைத்து, மதுரைவீரன் அந்த மாடி வீட்டில் உட்காரவைத்தான். எஸ்டேட்டில் அவன் வேலை பார்த்த பட்டறையை முதலாளி உலகநாதன் மூடப்போகிறார். மீசை முளைக்கும் முன்பிருந்து அவன் இரும்பு கடைந்த லேத் மெஷினை ஆயுத பூஜை வரை அவனுக்காக விற்காமல் நிறுத்திவைப்பதாகவும், அதற்குமேல் அது பழைய இரும்புக்குப் போய்விடும் என்றும் சொல்லியிருந்தார். லேத் கிடைத்தால் சொந்தமாக ஆர்டர் எடுத்து ஜாப் ஒர்க் செய்யலாம். கிடைக்காவிட்டால், கையில் இவ்வளவு வேலையை வைத்துக்கொண்டு, எவனோ ஒருவனிடம் ஹெல்பராக நிற்க வேண்டும். அதற்காகத்தான் கடன், அந்தக் கடனுக்காகத்தான் சோபா. காபி குடித்துக்கொண்டிருந்த அதிகாரி ஜன்னல் வழியாகப் பார்த்து, அந்த ஓட்டு வீடு யாருடையது என்று கேட்டார். “அது யாரோ ஊடு சார். பூட்டியே கெடக்கும்” என்றான் மதுரைவீரன். அவன் அப்பா முனியன் கூலிப் பணத்தில் ஓடு ஓடாக வாங்கிப் போட்ட வீடு அது. உள்ளே பொன்னியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சின்னசாமியின் மாடி வீடோ ஏற்கெனவே அதே வங்கியில் அடமானத்தில் இருந்தது. அதிகாரி காபியை மிச்சம் வைக்காமல் குடித்து, கடன் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். விளக்கு வைப்பதற்குள் வீடு மறைந்தது.

இரண்டு வாரம் கழித்து, யார் கண்ணுக்கும் தெரியாத அந்த வீட்டுக்கு ஒரு ஆள் நேராக வந்தான். டை கட்டியிருந்தான். உச்சி வெயிலிலும் அவன் சட்டையில் வேர்வை இல்லை. அந்தக் கதவின் தாழ்ப்பாளைச் சற்றுத் தூக்கி இடதுபுறம் தள்ளினால்தான் திறக்கும். வந்தவன் யாரும் சொல்லாமலே தூக்கித் தள்ளித் திறந்தான். பெயர் பரந்தாமன் என்றும், மதுரைவீரன் சாருக்கு கிரெடிட் கார்டு கொடுக்க அதே வங்கியிலிருந்து வருவதாகவும் சொன்னான். வரலட்சுமி அவன் செருப்பைப் பார்த்தாள். ஏரிக்கரைச் சேறு அதில் ஒட்டவே இல்லை.

“இந்த ஊடு உனக்கு எப்டி தெரிஞ்சிது நைனா?” என்றாள் பொன்னியம்மா.

“வேற யாருக்கும் தெரியாதது எங்களுக்குத் தெரியும்மா. லோன் கிடைக்காதவங்க வீடுதான் எங்களுக்கு முதல்ல கண்ணுல படும்.”

“கேட்டா இல்லன்றீங்க, கேக்காம குடுக்க வரீங்க. ரெண்டும் ஒரே பேங்க்தான?”

“அது வேற டிபார்ட்மென்ட்டும்மா” என்று சிரித்தான் பரந்தாமன். சிரித்தபடியே, சமையலறைப் பரணில் இருக்கும் பித்தளை அண்டா நல்ல கனம் என்றான். அவன் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து சமையலறையே தெரியாது. வரலட்சுமி இதைக் கவனித்தாள். தான் கவனித்தது சரிதானா என்று அவன் போன பிறகு அதே இடத்தில் உட்கார்ந்து பார்த்தாள். சரிதான். அதற்குள் மதுரைவீரன் கையெழுத்துப் போட்டிருந்தான்.

அட்டை வந்தது. அண்ணனின் பெயர் அதில் ஆங்கில எழுத்தில் புடைத்து நின்றது. வீட்டுக்கு எந்தப் புதுப் பொருள் வந்தாலும் செய்வதைப்போல அதற்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு, கூடத்துச் சுவரில் முருகன் படத்துக்குக் கீழே சாத்திவைத்தார்கள். மறுநாள் காலையில் அந்தச் சுவர் வீட்டுக்காரர்களுக்கே தெரியவில்லை. கை வைத்தால் சில்லென்று தட்டுப்பட்டது. கண்ணுக்கு அந்தப் பக்கத்து எருக்கஞ்செடிதான் தெரிந்தது. முருகன் காற்றில் தொங்கினார். அட்டையை எடுத்துப் பெட்டியில் போட்டார்கள், பெட்டி இருந்த மூலை போனது. அண்ணன் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தான். அவன் படுத்த அறை போனது. வரலட்சுமி தினமும் காலையில், தெரிகிற இடத்துக்கும் தெரியாத இடத்துக்கும் நடுவே தரையில் சாக்பீஸால் கோடு போட்டாள். கோடு வாசலை நோக்கி வந்துகொண்டிருந்தது. தன் கண்ணில்தான் கோளாறோ என்று அவள் அம்பத்தூரில் கண் டாக்டரிடமும் காட்டிவிட்டு வந்தாள். கண்ணில் ஒன்றும் இல்லை. பரந்தாமன் வாரம் தவறாமல் வந்து, காணாமல்போன சுவரைத் தடவிக்கொடுத்து, பூச்சு உறுதியானது என்று பாராட்டிவிட்டுப் போனான்.

மதுரைவீரன் அட்டையை உலகநாதனிடம் கொண்டுபோய்க் காட்டினான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இத்த இன்னா பண்ணச் சொல்ற? லேத் சக்குல மாட்டி கடையவா?” என்று கேட்டார். பரந்தாமன் அதற்கும் வழி வைத்திருந்தான். மவுண்ட் ரோட்டில் ஒரு மெஷின் இருக்கிறது, ரகசிய நம்பரைப் போட்டால் பணமாகவே வரும். நம்பர் இருக்கும் உறையை ஆயுத பூஜைக்கு முந்தின நாள் தானே கொண்டுவருவதாகவும், ‘இது என் வீடு’ என்று மதுரைவீரன் தன்னிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லி இன்னொரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் சொன்னான்.

அந்த நாள் மாலையில் உறையோடு வந்து நின்றான். வீட்டுக்காரர்கள் கண்ணுக்கு அப்போது மிஞ்சியிருந்தது வாசற்படியும் கதவும் மட்டும். மதுரைவீரன் படியில் நின்று பேனாவை வாங்கினான். லேத் நாளைக்கே வந்துவிடும். அவன் உள்ளே திரும்பி அம்மாவைக் கூப்பிட்டான். பொன்னியம்மா சமையலறையில்தான் இருந்தாள். சுண்டல் தாளிக்கும் வாசனை வந்தது, கரண்டிச் சத்தம் வந்தது, ஆள் தெரியவில்லை. முந்தின நாள்வரை அறைகள்தான் போயின. இப்போது அறையோடு அம்மாவும் போயிருந்தாள்.

“எம்மா, எங்க கீற?”

“இங்கதான்டா கீறேன், அடுப்பாண்ட.”

“தெரில்லம்மா.”

“அந்தாளுக்கு தெரிதா?”

பரந்தாமன் பணிவாகத் தலையசைத்தான். “நல்லா தெரியுதும்மா. மூக்குத்தி புதுசா?”

கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு பொன்னியம்மாவின் குரல், கோபம் இல்லாமல், சாப்பிட அழைப்பதைப்போல வந்தது. “அன்னிக்கு பேங்க்காரனாண்ட நீ இன்னா சொன்னேன்னு எனக்குக் கேட்டுச்சிடா. இந்த ஊட்டுக்கும் கேட்டுச்சி.”

மதுரைவீரன் பேனாவைப் பரந்தாமனின் பையிலேயே செருகினான். அட்டையை எடுத்து அதையும் அங்கேயே செருகினான். படியிறங்கித் தெரு நடுவில் போய் நின்றான். நாகம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். சின்னசாமி தன் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரும் கேட்காமலே மதுரைவீரன் உரக்கச் சொன்னான்: “இது என் ஊடு. என் நைனா கட்னது. யாரோ ஊடுன்னு பொய் சொன்னேன்.”

“அதான் தெருவுக்கே தெரியுமே மாமே” என்றார் சின்னசாமி. “நாளைக்கு பூஜைக்கு சோபா வோணுமா, வோணாமா?”

முதலில் ஓடுகள் தெரிந்தன, பிறகு சுவர்கள், பிறகு ஜன்னலில் கரண்டியோடு பொன்னியம்மா. நாகம்மா மாட்டைப் பார்த்து, “ஏ, ஊடு வந்துடுச்சி, அங்க மேயப்பூடாது” என்று இழுத்துக்கட்டினாள். பரந்தாமன் மட்டும், இப்போது தன் கண்ணுக்கு மட்டும் தெரிந்த எருக்கஞ்செடிகளுக்கு நடுவே உறையைப் பிடித்தபடி நின்றுகொண்டு, “சார், வீடு எங்க சார்? இப்பதான இருந்துது?” என்று கேட்டான். சின்னசாமி கை நீட்டிக் காட்டினார். அவனுக்குத் தெரியவில்லை. அவன் சட்டை முதுகுப்பக்கம் நனைந்திருந்தது.

அதற்குப் பிறகும் அவன் சில வருடங்கள் வந்தான். டை மாறியது, முன்மண்டை வழுக்கையானது, இடுப்பில் பேஜர் ஏறியது, அது போய் செல்போன் வந்தது. தெருமுனை டீக்கடையில் விலாசம் கேட்பான். வழி சொல்வார்கள். வந்து வீட்டுக்கு நேர் எதிரில் நின்று காலி மனையைப் பார்த்துவிட்டுப் போவான். வெயில் அதிகமான நாட்களில் பொன்னியம்மா வெளியே வந்து அவனுக்கு மோர் கொடுத்தாள். டம்ளர் எங்கிருந்து வந்தது என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. மீட்டர் பார்க்கிறவர் வரத் தொடங்கினார். மதுரைவீரன் அம்பத்தூரை அடுத்த பாடியில் ஒரு பட்டறையில் நைட் ஷிஃப்ட் பார்த்தான். வீட்டைப் பற்றி அதற்குமேல் யாரும் பேசவில்லை.

சுவர்கள் திரும்பிவந்த அந்த மாலையில் வரலட்சுமி வகுப்புக்குப் போகவில்லை. சாக்பீஸ் கோடுகளை ஈரத்துணியால் துடைத்தாள். ஒவ்வொரு அறையாக ஒரு தரம் போய்ப் பார்த்தாள், மறுபடி ஒரு தரம் போய்ப் பார்த்தாள். கூடத்தில் அண்ணன் சுவரில் சாய்ந்து, சுண்டலைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். அவள் தேதியைப் போட்டு, அதற்குக் கீழே இதை மட்டும் எழுதினாள்:

நாளை காலை பட்டறையில் பூஜை போடும் முன்பே எஸ்டேட்டுக்குப் போய், லேத்தை இனி நிறுத்திவைக்க வேண்டாம் என்று உலகநாதன் சாரிடம் சொல்ல வேண்டும். அண்ணன் போகமாட்டான். நான்தான் போக வேண்டும்.