தண்ணீர் ஆகாத எண்ணெய்

புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். இன்ஸ்பெக்டர் வாசலில் நின்று கேட்டபோது தெருவே கேட்கும்படி சொன்னேன், தண்டாயுதபாணி என்று. ஆயுசுக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்னும் நன்றாகத்தான் சாப்பிடுகிறார்.

அவர் நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் ஒரு சலவைப்பட்டறையில் வேலை பார்த்தவர். பனியன் துணியை வெளுக்கிற இடம். காஸ்டிக் சோடா கரைப்பதுதான் அவர் வேலை. பாதி பக்கெட் தண்ணீர் வைத்துக்கொண்டு, நெடி மூக்கில் ஏறாமல் முகத்தை இடதுபக்கம் திருப்பி, காஸ்டிக் செதிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்க வேண்டும். வருஷக்கணக்காக அதைச் செய்து நெஞ்சு கெட்டுப்போனது. பட்டறையை விட்டுவிட்டுப் பழைய டெம்போ ஒன்றை வாங்கி, ஈரத்துணியைக் காயப்போடும் காட்டுக்கு ஏற்றிப் போக ஆரம்பித்தார். டீசல் விலை ஏறிக்கொண்டே போனது. வண்டி வாடகை மட்டும் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்த இடத்திலேயே இருந்தது.

தொண்ணூற்றி நாலோ ஐந்தோ, சரியாக ஞாபகமில்லை. ஒரு கம்பெனிக்குத் துணி பின்னுகிற நிட்டிங் மெஷின் பூட்ட வெள்ளைக்கார மெக்கானிக் ஒருவர் வந்திருந்தார். மெஷினை ஏற்றிப்போனது எங்கள் டெம்போ. அது விட்ட கரும்புகையைப் பார்த்துவிட்டு அந்த மனிதர் சொன்னாராம், எங்கள் நாட்டில் விவசாயிகள் டிராக்டருக்குச் சமையல் எண்ணெயில் டீசல் செய்துகொள்கிறார்கள் என்று. சூப்பர்வைசர் மொழிபெயர்க்க, இவர் வாயைப் பிளந்து கேட்டிருக்கிறார். மெத்தனால் ஸ்பிரிட்டில் காஸ்டிக்கைக் கரைக்கணும். அதை வெதுவெதுப்பான எண்ணெயில் ஊற்றிக் கலக்கணும். கசடு தேன் மாதிரி அடியில் இறங்கிவிடும், மேலே தெளிந்து நிற்பதை டாங்கியில் ஊற்றலாம். ஒரு சொட்டுத் தண்ணீர் மட்டும் சேரக் கூடாது, சேர்ந்தால் சோப்பாகிவிடும். அந்த ஆள் விமானம் ஏறிப் போய்விட்டார், பைத்தியத்தை என் வீட்டில் விட்டுவிட்டு.

அதற்குப் பிறகு என் வீட்டுக் கொல்லையைப் பார்த்தவர்கள் குடித்தனம் நடக்கிற இடமென்று சொல்ல மாட்டார்கள். மூக்கம்மாளின் போண்டாக் கடையிலிருந்து கருகிய எண்ணெய் வரும். நான் அதைப் பனியன் வேஸ்ட் துணியில் வடிகட்ட வேண்டும். இவர் அதை அடுப்பில் வைத்து, ஈரம் போகச் சுட்டு, ஆறவைப்பார். ஒவ்வொரு பாத்திரத்தையும் துணியால் துடைத்து வெயிலில் கவிழ்ப்பார். துடைக்கும்போதெல்லாம் "தண்ணி ஆகாது, தண்ணி ஆகாது" என்று சஷ்டி விரதத்தில் மந்திரம் சொல்கிற மாதிரி முணுமுணுப்பார். காஸ்டிக்கைக் கண்டால் தண்ணீரைத் தேடிப் பழகிய கை அது. அந்தக் கைக்குத்தான் அவர் சொல்லிக்கொண்டார் என்று எனக்கு அப்போது தெரியாது. கொல்லையில் குளிக்கக்கூட என்னை விடவில்லை என்ற கோபம்தான் இருந்தது.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். வண்டி ஓடியது.

முதல் ஓட்டம் பழனிக்கு என்று வேண்டிக்கொண்டார். சாமிக்குத் தேங்காய் பழத்தோடு நானும் முன்சீட்டில் உட்கார்ந்தேன். எங்கே நிற்கப்போகிறதோ என்று அவிநாசிபாளையம் தாண்டும்வரை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். தாராபுரத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். புகையில் போண்டா வாசம் வருகிறதென்று டீக்கடைக்காரர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரிக்கவில்லை. "நம்ம ஊட்டு எண்ணெய்லீங்க ஓடுது" என்று அந்த முன்பின் தெரியாத ஆளிடம் சொன்னார். அன்றைக்கு எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை, ஏற்கெனவே தலைகால் புரியாமல் இருந்தார்.

சில மாதம் அப்படி ஓடியது. பிறகு எங்கேயோ விஷச்சாராயம் குடித்து ஆட்கள் செத்தார்கள். மெத்தனால் கலந்த சாராயம். ஸ்பிரிட் விற்ற கடைக்காரனைப் பிடித்து உலுக்கினார்கள், வாங்கினவர்கள் பெயரையெல்லாம் அவன் சொல்லிவிட்டான். அதில் எங்கள் பெயரும் இருந்தது.

அன்று காலையில் போலீஸ் ஜீப் வாசலில் நின்றது. கொல்லையில் புதிதாக வந்த மெத்தனால் கேன்கள். பக்கத்தில் அடுப்பு, டிரம், குழாய். பார்க்கிறவன் வேறென்ன நினைப்பான். செய்து வைத்திருந்த எண்ணெயோ முந்தின நாளே தீர்ந்துவிட்டது, டாங்கியில் இருந்தது பெட்ரோல் பங்க் டீசல். காட்டுவதற்கு எங்களிடம் ஒரு பாட்டில்கூட இல்லை.

இன்ஸ்பெக்டர் தென்பக்கத்துக்காரர். கெட்டவர் இல்லை, அதுதான் என்னை இன்னும் அறுக்கிறது. கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டாவது தூங்கியிருப்பேன். என் வீட்டுக்காரர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சாராயம் காய்ச்சுறவன் எல்லாரும் ஒரு கதை வச்சிருப்பான். நீரு சொல்றது இதுவரைக்கும் நான் கேக்காத கதை. அதனால ஒரு வாய்ப்பு தாரேன். ஒரு லிட்டர் ஸ்பிரிட் தாரேன், என் கண்ணு முன்னால செஞ்சு காட்டும். வண்டி ஓடுச்சுன்னா கேனை மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிருதேன். ஓடலைன்னா நீரும் ஜீப்புல ஏறணும்."

ஒரு லிட்டரை அளந்து கொடுத்துவிட்டு, கேன்களுக்கு அரக்கு வைத்துச் சீல் போட்டார்கள். இவருக்கு முகமெல்லாம் வெளிச்சம். பழனியாண்டவரே வழி காட்டிவிட்டார் என்று என்னிடம் சொல்லிவிட்டு வேலையில் இறங்கினார். தெருவே கொல்லையில் கூடிவிட்டது. பாதிப்பேர் பட்டறை ஆட்கள். இவரோடு பழைய பட்டறையில் வேலை பார்த்த வெள்ளியங்கிரி, வேலைக்குப் போகாமல் ஒத்தாசைக்கு வந்து நின்றான். இவரை அண்ணன் என்று உயிரை விடுகிறவன். நான் இன்ஸ்பெக்டருக்கு டீ போட உள்ளே போனேன். வந்தவருக்கு வாயில் எதையாவது ஊற்றாமல் நம்மால் இருக்க முடியாதே.

நான் டம்ளரோடு வெளியே வந்தபோது எண்ணெயில் கலவையை ஊற்றிக் கலக்கிக்கொண்டிருந்தார். நன்றாகத்தான் கலக்கினார். பக்கத்தில் வெள்ளியங்கிரி நின்றான். அவன் காலடியில் எங்கள் குளியலறை பக்கெட். அதன் உள்பக்கம் ஈரம் மினுங்கியது.

"ஏனுங்க, இந்தப் பக்கெட் எதுக்குங்க இங்க வந்துச்சு?" என்று கேட்டேன்.

வெள்ளியங்கிரிதான் பதில் சொன்னான். "காஸ்டிக் கரைக்கத் தண்ணி வேணுமில்லீங்க அக்கா. அண்ணன் மறந்துட்டாப்பல, நாந்தான் கொண்டாந்து வச்சேன்."

இவர் கை நின்றது. பக்கெட்டைப் பார்த்தார். காஸ்டிக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு நிற்கும்போது எதிரில் பாதி பக்கெட் தண்ணீர் வந்திருக்கிறது. போலீஸ் பார்க்கிறது, ஊர் பார்க்கிறது. முகம் தானாக இடதுபக்கம் திரும்பியிருக்கும். கை தானாகத் தூவியிருக்கும். கரைந்ததோடு ஸ்பிரிட்டைச் சேர்த்து எண்ணெயில் ஊற்றியும் ஆயிற்று. சுற்றி நின்ற பட்டறைக்காரர்களில் ஒருத்தருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. அவர்களில் யார் செய்திருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

இவர் மறுபடி கலக்க ஆரம்பித்தார். வேறென்ன செய்வார். எண்ணெய் வெளுத்தது, பிறகு கூழானது, பிறகு கரண்டி நகர மறுத்தது. தெளிந்து மேலே வருவதற்கு அதில் ஒன்றுமில்லை. இன்னொரு தடவை செய்கிறேன் சாருங்க, கை தவறிருச்சுங்க, பழனி ஆண்டவர் மேல சத்தியமுங்க என்று கும்பிட்டார். சீல் வைத்ததை உடைக்க எனக்கு அதிகாரமில்லை என்றார் இன்ஸ்பெக்டர். குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. பார்ப்பதற்காக அதை விரலில் எடுத்துத் தேய்த்தவர், எங்கள் தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவினார். நுரை பொங்கியது. ஒரு போலீஸ்காரன் சிரித்தான்.

அவரை ஜீப்பில் ஏற்றினார்கள், டெம்போவை ஒரு போலீஸ்காரன் ஓட்டிக்கொண்டு போனான். பங்க் டீசலில் வண்டி ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆனது. வெள்ளியங்கிரி தொட்டியோரம் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். அவனைத் திட்டத்தான் கிட்டே போனேன். எரிகிற வீட்டுக்கு எண்ணெய் ஊற்றினவன் என்றால் திட்டலாம். இவன் நல்லது என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தவன்.

வக்கீலிடம் நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். போண்டா எண்ணெயில் டெம்போ பழனி வரை போய் வந்தது என்றதும் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். இதைக் கோர்ட்டில் சொன்னால் எனக்கே சிரிப்பு வரும் என்றார். போலீஸே பார்த்திருக்கிறது, அங்கே வந்தது சோப்பு. கண்ணாடி மாதிரி சோப்பு செய்ய ஸ்பிரிட் ஊற்றுவார்கள், அதற்காக வாங்கினேன், லைசென்ஸ் வேண்டுமென்று தெரியாது என்று ஒப்புக்கொள்ளச் சொல்லுங்கள், அபராதத்தோடு விட்டுவிடுவார்கள் என்றார். இவரிடம் போய்ச் சொன்னேன். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து என்னிடம் கேட்டார்.

"ஓடுச்சில்ல சென்னம்மா? நீயும் உக்காந்துதான வந்தே?"

"ஓடுச்சுங்க" என்றேன். சாட்சி சொல்ல நான் ஒருத்திதான் இருந்தேன். பொண்டாட்டி சாட்சி எந்தச் சபையில் ஏறும்.

கோர்ட்டுக்குப் போட்டுக்கொள்ள அவருடைய வெள்ளைச் சட்டையைத் துவைத்தேன். வீட்டில் வேறு சோப்பு வாங்க வழியில்லாமல் அன்றைக்கு டிரம்மில் உறைந்து கிடந்ததில் ஒரு கட்டி வெட்டி எடுத்தேன். என் கையெல்லாம் எரிந்தது. சட்டை புதுசு மாதிரி வெளுத்தது.

அதைப் போட்டுக்கொண்டு கூண்டில் நின்றார். ஜட்ஜ் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார், ஸ்பிரிட் வாங்கி என்ன செய்தாய் என்று. இவர் என் பக்கம் ஒரு தடவை திரும்பினார். தாராபுரத்து டீக்கடையில் சிரித்த அதே முகம்தான். அதைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னார்.

"சோப்புத்தானுங்க சாமி செஞ்சேன்."

எல்லோரும் உடனே நம்பினார்கள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.